இருவாய்ச்சித் தந்தை

தாயன்பைப் பாடாத புலவர் இலர். கன்றை நக்கிக் கொடுக்கும் ஆவும், குஞ்சுகளைச் சிறகினுள் அணைக்கும் கோழியும், மார்பிற் குட்டியைத் தாங்கிக் கிளைக்குக் கிளை தாவும் மந்தியும் நூல்தோறும் காட்சி தருகின்றன. தந்தை விலங்கையும் தந்தைப் பறவையையும் பாடினோர் மிகச் சிலரே. இதனால் விளைந்த தீங்கு ஒன்று உண்டு. குழவியைப் பேணுதல் தாய்க்கே உரிய தொழில் என்றும், இயற்கையே அவ்வாறு வகுத்துவிட்டது என்றும் மக்கள் எண்ணத் தலைப்பட்டனர். உள்ளே குழந்தை வீறிட்டு அழ, திண்ணையில் அமர்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருக்கும் ஒருவன், "விலங்குகளைப் பாருங்கள், அவற்றுள் ஆணா பிள்ளை வளர்க்கிறது?" என்று வினவுவானாயின், மறுமொழி கூற அறியாது பலர் வாளா இருந்துவிடுகின்றனர்.

சற்றே கற்றவராயின் புறநானூற்றையும் துணைக்கு அழைப்பர். மகனைப் பெற்று வளர்க்கும் பொறுப்பைத் தாய்க்கும், அவனைப் பண்பு நிரம்பியவனாக்கும் பொறுப்பைத் தந்தைக்கும் பொன்முடியார் பகுத்துரைத்துள்ளார் அன்றோ என்பர். அப்பாட்டு மறக்குடித் தாய் ஒருத்தியின் கூற்று. போர்க்களத்தையே நோக்கி நின்ற குடியில் எவர்க்கு எது கடன் என அவள் எண்ணிப் பார்க்கிறாள். வேல் வடிக்கும் கொல்லனும் நாடாளும் வேந்தனும் அவ்வரிசையில் இடம் பெறுகின்றனர். அதனை உயிர்க்குலம் அனைத்திற்கும் பொதுவிதியாக்கி, தந்தை குழந்தையைத் தொடவே வேண்டா என்று அதற்குப் பொருள் காணுதல், அப்புலவர் பெருமாட்டி கனவிலும் கருதாத உரையாகும்.

இயற்கை என்ன வகுத்தது என்பதை நூலிற் காண்பதினும் காட்டிற் காண்பதே தக்கது. அதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில், ஆனைமலையின் மழைக்காடுகளில், இருவாய்ச்சி என்னும் பெரும்பறவை வாழ்கிறது. இருவாட்சி என்றும் இதனை வழங்குவர். அலகின்மேல் மற்றோர் அலகு கவிழ்த்து வைத்தாற்போன்ற மஞ்சள் நிறக் கொண்டை இருத்தலின், இரு வாய் உடையது போலத் தோன்றும். உடல் ஏறத்தாழ மூன்றடி நீளம் உடையது. இது பறந்து செல்லுங்கால் எழும் சிறகொலி, நீராவிப் புகைவண்டி மலை ஏறும் ஓசையைப் போல நெடுந்தொலைவு கேட்கும். சேவலும் பெடையும் தோற்றத்தில் ஒத்தனவே. எனினும் சேவலின் கண் செந்நிறம், பெடையின் கண் வெண்ணிறம்.

சேவல் என்பது கோழிக்கு மட்டும் உரிய பெயர் அன்று. சிறகுடைய எல்லாவற்றின் ஆணையும் அப்பெயரால் வழங்கலாம் என்று தொல்காப்பிய மரபியல் கூறும். மயிலுக்கு மட்டும் அப்பெயரை விலக்கும். அவ்விலக்கிற்கு உரையாசிரியர் கூறும் காரணம் வேறு. ஆயினும், ஆண்மயில் தன் குஞ்சுகளை ஏறெடுத்தும் பாராத பறவை என்பதை நினைக்குங்கால், அவ்விலக்குத் தற்செயலாகவேனும் பொருத்தமாகவே அமைந்துவிட்டது எனலாம்.

தை, மாசித் திங்கள்களில் இருவாய்ச்சி இணை கூடு தேடும். கூடு என்பது இங்குச் சுள்ளியால் முடைவது அன்று. வானளாவிய பெருமரத்தின் நடுமரத்தில் இயல்பாய் அமைந்த பொந்தே ஆகும். பெடை அதனுள் புகுந்ததும், தன் எச்சத்தையும் பழச்சக்கையையும் குழைத்து, பொந்தின் வாயை உள்ளிருந்தே பூசி அடைத்துக்கொள்ளும். ஓர் அலகு நுழையும் அளவினதாகிய பிளவு மட்டுமே எஞ்சும். பாம்பும் மரநாயும் குரங்கும் உள்ளே நுழைய இயலாத கோட்டை அது. முட்டை ஒன்றோ இரண்டோ. பெரும்பாலும் ஒரு குஞ்சே வளர்ந்து வெளிவரும்.

ஆண்பறவை ஐயங்கொண்டு தன் பெடையைச் சிறையில் இடுகிறது என்று கதை கட்டினோரும் உளர். அது பிழை. இவ்வினத்தில் சுவர் எழுப்புவது பெடையே. வேறு சில இருவாய்ச்சி இனங்களில் சேவல் மண் கொணர்ந்து உதவுவதுண்டு. சிறையிட்டவன் காவலில் அமர்ந்திருப்பான். இச்சேவலுக்கோ அமர நேரமே இல்லை.

உள்ளே புகுந்த பெடை தன் பறக்கும் இறகுகளை உதிர்த்துவிடுகிறது. புதிய இறகு முளைத்து வளரும் வரை அதனால் பறக்க இயலாது. அடைகாக்கும் காலம் ஏறத்தாழ 40 நாட்கள். குஞ்சு பொரித்த பின்னரும் சில வாரங்கள் பெடை உள்ளேயே தங்குகிறது. அத்துணை நாளும் அதற்குரிய உணவும், பின்னர்க் குஞ்சுக்கு உரிய உணவும் சேவலின் ஒரு வாய்வழியே வந்தாக வேண்டும். சேவல் விடியலில் புறப்படுகிறது. ஆல், அத்தி, இத்தி முதலிய மரங்கள் எங்கெங்குக் கனிந்துள்ளன என்பதை அறிந்து, காட்டின் மேல் நெடுந்தொலைவு பறந்து, பழங்களை விழுங்கித் தொண்டையில் நிரப்பிக்கொண்டு மீள்கிறது. பொந்தின் வாயில் மரத்தைப் பற்றி நின்று, ஒவ்வொரு பழமாக மேலே கொணர்ந்து, அலகின் நுனியிற் பற்றிப் பிளவின் வழியே நீட்டுகிறது. உள்ளிருந்து ஓர் அலகு அதனை வாங்கிக்கொள்கிறது. ஒரு பழம், பின்னர் மற்றொரு பழம், தொண்டை வறிதாகும் வரை இது நிகழ்கிறது. குஞ்சு பொரித்த பின் பழம் மட்டும் போதாது. பல்லி, ஓணான், வண்டு, சிறு பறவை முதலியனவும் வந்து சேர்கின்றன. உண்டது போக எஞ்சிய வித்துகள் மரத்தடியில் விழுந்து முளைப்பதும், பறக்கும் வழியெங்கும் சிதறி முளைப்பதும் உண்டு. ஒரு குஞ்சை வளர்க்கும் உழைப்பிலே ஒரு காடும் வளர்கிறது.

குஞ்சு ஓரளவு வளர்ந்ததும் பெடை அடைப்பை உடைத்து வெளிவருகிறது. அப்போது நிகழ்வது வியப்பினும் வியப்பு. பறக்க அறியாத அக்குஞ்சு, தன் அலகாலேயே வாயிலை மீண்டும் பூசி அடைத்துக்கொள்கிறது! அதன்பின் தாயும் தந்தையும் சேர்ந்தே ஊட்டுகின்றன. குஞ்சு வெளிவரும் வரை நான்கு திங்கள் அளவு ஆகிறது.

இனி, இவ்வமைப்பின் மென்மையைக் கருதுதல் வேண்டும். வேட்டுவன் ஒருவன் பழ மரத்தடியில் பதுங்கியிருந்து சேவலைச் சுட்டு வீழ்த்துகிறான் என்க. ஒரு பறவையைக் கொன்றதாகவே அவன் கணக்கிடுவான். ஆனால் அக்காட்டின் வேறொரு புறத்தில், அவன் கண்ணுக்குப் புலப்படாத மரப்பொந்தில், பெடை ஒன்று பிளவின் அருகே அலகை வைத்துக் காத்திருக்கிறது. சிறகொலி கேட்கவில்லை. அடைப்பை உடைக்க அதனால் இயலும். உடைத்து வந்தாலும் இறகற்ற நிலையில் எங்ஙனம் பறக்கும்? இரை தேட இயலாத அதற்கும் பிழைப்பு அரிது. குஞ்சுக்கோ முற்றிலும் அரிது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இப்பறவையை முதல் அட்டவணையில் வைத்துக் காக்கிறது. அது நன்று. ஆயினும், கூடு கட்டும் காலத்தில் ஒரு சேவலைக் கொன்றவன் ஒரு குடும்பத்தையே கொன்றவன் என்னும் உணர்வு காட்டை அடுத்து வாழ்வார் உள்ளத்தில் வேரூன்றினாலன்றி, சட்டத்தின் ஏடு மட்டும் அப்பொந்தைக் காவாது.

அவ்வுணர்வு தோன்றுதல் அரிது அன்று என்பதற்கு அருணாசலப் பிரதேசம் சான்று. அங்கு வாழும் நிசி மக்கள் இருவாய்ச்சியின் அலகைத் தலையணியில் சூடும் வழக்கம் உடையவர்கள். பக்கே என்னும் காட்டுப் பகுதியைச் சூழ்ந்த ஊர்களில், 2011ஆம் ஆண்டு தொடங்கி, முன்னர் வேட்டையாடியவர்களே கூடுகளைக் காவல் புரியும் பணியில் அமர்த்தப்பெற்றனர். தலையணிக்குக் கண்ணாடி இழையால் செய்த அலகும் வழக்கிற்கு வந்தது. பழைய அணியும் நீங்கவில்லை, பறவையும் பிழைத்தது. காட்டு மக்களைப் பழித்துரைக்கும் நகரத்தார் இதனை அறிதல் நலம். ஆனைமலையில் இருவாய்ச்சியின் காட்டைப் பெரிதும் குறைத்தவர் வில்லேந்திய வேடர் அல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் தேயிலைக்கும் காப்பிக்கும் ஆகப் பெருமரங்களை வீழ்த்திய தோட்ட முதலாளிகளே அவர். பொந்து அமையத்தக்க பருமனை ஒரு மரம் அடைதற்கு மனிதர் பல தலைமுறை கழியும். அதனை வெட்டுதற்கோ ஒரு பகல் போதும்.

இருவாய்ச்சி ஒன்று மட்டுமே இத்தகையது எனக் கருதற்க. சிற்றூர்க் குளத்தில் அல்லியும் தாமரையும் படர்ந்த இடத்தில் இலைக்கோழி நடந்து திரியும். பெடை முட்டையிட்டு வேறொரு சேவலை நாடிச் சென்றுவிடும். அடைகாப்பதும் குஞ்சுகளுடன் திரிவதும் சேவலே. அக்குளத்தின் நீருக்குள்ளே விரால் உண்டு. விரால் குஞ்சுகள் செந்நிறத் திரளாய் நீர்மட்டத்தில் மொய்த்துத் திரிய, பெற்ற மீன் அடியில் நின்று காவல் புரியும். அக்காவலில் ஆணின் பங்கு பெரிது. தூண்டிற்காரர் இதனை நன்கு அறிவர். தவளையைக் கோத்த தூண்டிலை அத்திரளின் நடுவே எறிவர். பகை வந்தது என்று சினந்து தாக்கும் விரால், பசியால் அன்றிப் பிள்ளைப் பாசத்தால் அகப்படுகிறது. அதன்பின் அக்குஞ்சுத் திரள் பிற மீன்களுக்கும் கொக்குகளுக்கும் இரையாகும். மீன் உண்பது குற்றம் அன்று. ஆனால் இம்முறையில் பிடிப்பது அறிவுடைமையும் அன்று. அடுத்த ஆண்டின் மீனையும் சேர்த்தே அத்தூண்டில் பிடித்துவிடுகிறது.

அதே குளத்தில் காசளவினதாகிய நீர்ப்பூச்சி ஒன்று, முதுகு நிறைய முட்டைகளை அடுக்கிச் சுமந்து திரிவதைக் காணலாம். முட்டையைச் சுமப்பது தாயாகவே இருக்கும் என மேனாட்டு அறிஞரும் நெடுங்காலம் நம்பியிருந்தனர். 1899ஆம் ஆண்டில் புளோரன்சு சிலேட்டர் என்னும் அமெரிக்கப் பெண்மணி, சுமப்பது ஆண் என்று எடுத்துக்காட்டினார். பெண்பூச்சி முட்டைகளை ஆணின் முதுகில் ஒட்டிவிட்டுச் செல்கிறது. ஆணோ அவற்றை அடிக்கடி நீர்மட்டத்திற்குக் கொணர்ந்து காற்றூட்டுகிறது. அவ்வாறு செய்யாவிடின் முட்டைகள் அழியும். கண்முன்னே திரிந்த தந்தையைத் தாய் என்றே எண்ணிக் கொண்டிருந்தமைக்குக் காரணம் யாது? கண்ணின் குறை அன்று. முன்னரே முடிவு செய்துகொண்ட மனத்தின் குறை.

மன்னார் வளைகுடாவில் வாழும் கடற்குதிரையின் செய்தி இன்னும் புதுமையானது. பெண்மீன் தன் முட்டைகளை ஆண்மீனின் வயிற்றுப் பையுள் இட்டுவிடும். அவற்றைத் தாங்கி வளர்த்து, உருப்பெற்ற குஞ்சுகளாக வெளியேற்றுவது தந்தையே. இவ்வுயிர் மருந்துக்கென்று உலர்த்தப்பட்டுக் கீழை நாடுகளுக்கு ஏற்றுமதி ஆகி வந்தது. 2001ஆம் ஆண்டு முதல் இதனைப் பிடிப்பதையும் விற்பதையும் சட்டம் தடுத்துள்ளது. எனினும் களவாகக் கொண்டு செல்வார் அகப்படுதல் இன்றும் செய்தித்தாள்களில் காணப்படுகிறது.

தென்துருவத்துப் பேரரசப் பென்குவினை இங்குக் கூறாது விடுதல் கூடாது. அண்டார்க்டிகாவின் கடுங்குளிரில், கதிரவன் எழாத நெடிய இரவில், பெடை ஒரு முட்டை இட்டு அதனைச் சேவலிடம் ஒப்படைத்துவிட்டுக் கடலுக்கு இரை தேடச் செல்லும். சேவல் அம்முட்டையைத் தன் பாதங்களின் மேல் ஏற்றி, வயிற்றுத் தோல் மடிப்பால் போர்த்து, 65 நாட்கள் அளவு நின்றவண்ணம் காக்கும். பனியில் ஒரு சிறுபொழுது உருண்டு கிடந்தாலும் முட்டை உறைந்து போகும். பெடையுடன் கூடிய காலத்தையும் கூட்டினால், சேவல் உணவின்றிக் கழிக்கும் காலம் நான்கு திங்களை எட்டும். காற்று மிகுங்கால் சேவல்கள் ஒன்றோடொன்று நெருங்கித் திரண்டு நின்று, ஒன்றன் வெம்மையை மற்றொன்று பகிர்ந்துகொள்ளும். தாய் மீள்வதற்கு முன் குஞ்சு பொரித்துவிடின், பட்டினி கிடக்கும் அத்தந்தையே தன் உணவுக்குழலில் ஊறும் பால் போன்ற ஒன்றை அதற்கு ஊட்டும். இத்துணை அருமையாகக் காத்த குஞ்சுகளையும் காலம் காக்கவில்லை. 2022ஆம் ஆண்டில் பெல்லிங்சுகாசன் கடலோரத்துக் குடியிருப்புகள் ஐந்தனுள் நான்கில், குஞ்சுகளுக்கு நீர் ஒட்டாத இறகு முளைக்கும் முன்னரே பனித்தளம் உடைந்து சிதறியது. செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்தோர் அந்நான்கிலும் குஞ்சுகள் பிழைத்திரா என்னும் முடிவிற்கு வந்தனர். தந்தையர் தம் கடமையில் தவறவில்லை. அவர்கள் நின்ற தரை தவறிவிட்டது. பனி குறைதற்குக் காரணமாகிய வெப்பம், அப்பறவைகள் கண்டிராத நகரங்களின் புகையிலிருந்து எழுவது.

இவ்வளவும் கேட்டபின், மறுபுறத்துச் செய்தியை மறைத்தல் நேர்மை ஆகாது. பாலூட்டும் விலங்குகளுள் நூற்றில் பத்துக்கும் குறைந்த இனங்களிலேயே தந்தை குட்டியைப் பேணுகிறது. பால் தாயிடத்தே மட்டும் சுரத்தலால் அவ்வாறு அமைந்தது போலும். முட்டையின் மேல் அமர்தலும் இரை கொணர்தலும் இருபாற்கும் இயலும் ஆதலின், பறவைகளுள் பெரும்பான்மையும் இருவரும் சேர்ந்தே வளர்க்கின்றன. புலியின் குருளையைத் தாய்ப்புலியே வளர்க்கிறது. கலித்தொகையில் வரும் களிறு, கன்று கலக்கிய சிறிதளவு நீரையும் பிடிக்கு முதலில் ஊட்டித் தான் பின்னர் உண்ணும். காட்டில் வளர்ந்த களிறோ கூட்டத்தை விட்டுத் தனித்தே திரிகிறது. புலவர் கண்ட களிறு வேறு, காடு காட்டும் களிறு வேறு. அன்றியும், 1960களில் தார்வாடு காடுகளில் கருமுகக் குரங்குகளை ஆராய்ந்த சுகியாமா என்னும் ஜப்பானிய அறிஞர், கூட்டத்தைப் புதிதாகக் கைப்பற்றும் கடுவன் முன்னவனின் குட்டிகளைக் கொல்வதையும் கண்டு எழுதினார்.

ஆகவே, விலங்கைச் சுட்டி மனிதனுக்கு அறம் கற்பிக்க முயல்வோர் ஈரிடத்தும் வழுக்கி விழுவர். இருவாய்ச்சியைக் காட்டி, "இதனைப் போல இரு" என்று ஒருவர் கூறினால், "கடுவனைப் போல இருப்பேன்" என்று மற்றொருவன் கூறலாம். திண்ணையில் அமர்ந்து வினவியவனுக்கு உரிய விடை இதுவே: அவன் கூறும் இயற்கை விதி என்று ஒன்று இல்லை. தந்தைமை ஓரினத்தில் உண்டு, மற்றோரினத்தில் இல்லை. தன் குழந்தையைத் தூக்குவதும் தூக்காததும் அவன் தானே எண்ணிச் செய்யும் செயல். அதன் பழியைப் புலியின் மேல் ஏற்றுதல் கூடாது.

விலங்கினிடமிருந்து பாடம் கேட்பதை விடுத்து, விலங்கிற்குச் செய்ய வேண்டியது யாது எனக் கேட்பதே முறை. அங்கு ஐயத்திற்கு இடமில்லை. பொந்துடைய முதுமரத்தை வெட்டாது விடுதல், தோட்டங்களின் நடுவே எஞ்சிய சோலைகளில் அத்தியையும் ஆலையும் வளரவிடுதல், தை முதல் வைகாசி வரை கூட்டு மரத்தை அணுகி ஆரவாரம் செய்யாதிருத்தல் ஆகிய மூன்றும் பெரும் பொருட்செலவை வேண்டுவன அல்ல. இந்நாளில் படம் பிடிப்போர் திரளாகச் சென்று கூட்டு மரத்தடியில் காத்துக் கிடக்கும் வழக்கம் பரவியுள்ளது. அன்பினால் செய்வதே எனினும், ஆட்கள் நிற்கக் கண்ட சேவல் பழத்துடன் அயல் மரத்திலேயே தயங்கி அமர்ந்திருக்கும். அத்தயக்கத்தின் ஒவ்வொரு நாழிகையும் உள்ளிருப்பவற்றின் பசி.

கோடையின் இறுதியில் குஞ்சு அடைப்பை உடைத்துக்கொண்டு வெளிவருகிறது. சில நாழிகை பொந்தின் விளிம்பைப் பற்றியவண்ணம் இருந்து, பின் அருகிலுள்ள கிளைக்குத் தட்டுத்தடுமாறிப் பறக்கிறது. அதன்பின்னும் தந்தை அதற்குப் பழம் கொணர்வது நிற்பதில்லை. மழைக்காலம் கழிந்து அடுத்த தை பிறக்கும்போது, மரம் நின்றிருக்குமாயின், அதே இணை பெரும்பாலும் அதே பொந்தை நாடி வருகிறது.